இரண்டாவது கிண்ணம்

1950ஆம் ஆண்டு மே மாதம், கொரியாவின் ஜேஜு தீவின் தென்மேற்குக் கரையிலுள்ள மோசல்கே கிராமத்தில், யாங் தூசோக்குக்கு முதல் திதி கொடுக்கப்பட்டது. அப்போது அவர் ஒசாகா நகரத்தின் இகுனோ பகுதியில் ஒரு பட்டறையில் உட்கார்ந்து செருப்புக்கு அடியொட்டிக்கொண்டிருந்தார். அன்று மாலை பட்டறையில் கொடுத்த நூடுல்ஸை அவர் தொடவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்றார். பக்கத்தில் இருந்தவன் எந்த வீட்டில் விருந்து என்று கேட்டான். தூசோக் பதிலுக்கு ஏப்பம் விட்டார். அதில் பார்லிச் சோறும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சுட்ட மீனும் மணத்தன.

நடந்தது இதுதான். கலகக்காரர்களைத் தேடி ராணுவம் மலையடிவாரத்து ஊர்களை எரித்த 1948ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தூசோக்குக்கு வயது இருபத்திரண்டு. சில வாரங்கள் குகையொன்றில் ஒளிந்திருந்துவிட்டு, கரைக்கு இறங்கி, கள்ளத்தனமாக ஆள் ஏற்றிப்போகும் படகொன்றில் ஏறி ஜப்பானுக்குப் போய்விட்டார். யாரிடமும் சொல்லிக்கொள்ள நேரமில்லை. அங்கிருந்து எழுதவும் வழியில்லை. கடல் தாண்டிக் கடிதம் வருகிற வீட்டுக்குப் பின்னாலேயே காவலரும் வந்த காலம் அது. அவருடைய அம்மா அடுத்த குளிர்காலம் முடியும்வரை காத்திருந்தார். மற்றவர்களுக்கு எலும்பாவது கிடைத்தது, இவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. பூசாரிப் பெண்ணை அழைத்து, கடலைப் பார்த்தும் மலையைப் பார்த்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவருடைய பருத்திச் சட்டையையும் வைக்கோல் செருப்பையும் ஒரு பெட்டியில் வைத்து மலைச்சரிவில் புதைத்து மேடு எழுப்பினார்கள். சுற்றிலும் கருங்கல் சுவர் வைத்து, ஆண்பிள்ளையின் ஆவி போய்வர இடப்பக்கம் ஓர் இடைவெளி விட்டார்கள். இறந்த நாள் தெரியாததால், அந்தத் தீவின் வழக்கப்படி, பிறந்த நாளையே திதியாக வைத்துக்கொண்டார்கள். கலியாணமாகாமல் செத்தவனுக்கும் கொள்ளிக்கொரு பிள்ளை வேண்டும் என்று தம்பியின் கைக்குழந்தை சங்பல்லைச் சுவீகாரம் கொடுத்தார்கள். முதல் திதியில் குழந்தையின் தலையைப் பிடித்து இரண்டு முறை தரையைத் தொட வைத்தார்கள். பூசாரிப் பெண் மட்டும், ஆவி வந்தது, ஆனால் தொட்டால் சூடாக இருக்கிறது என்று சொன்னாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஆண்டு தவறாமல் மே மாதத்தில் ஒரு நாள் தூசோக்குக்கு வயிறு நிறைந்தது. இகுனோவில் இது விரைவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அந்தச் சந்துகளில் வாழ்ந்தவர்களில் பாதிப்பேர் அதே தீவிலிருந்து வந்தவர்கள். எழுதவும் முடியாமல் போகவும் முடியாமல் கிடந்த அவர்களுக்கு ஊரில் விளைச்சல் எப்படி என்று தெரிந்துகொள்ள தூசோக்கின் ஏப்பத்தை விட்டால் வேறு வழியில்லை. 1957 வரை பார்லிச் சோறு. அடுத்த ஆண்டு முதல் முறையாக நெல்லரிசி மணத்தது, அன்று மூன்று வீடுகளில் மது ஊற்றிக் கொண்டாடினார்கள். அறுபதுகளின் கடைசியில் ஆரஞ்சு வந்தது, ஊரில் தோட்டம் போட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டார்கள். எழுபத்து மூன்றில் கடை கேக் வந்தது. படையலில் கேக்கா என்று வயதானவர்கள் முகம் சுளித்தார்கள். கையில் காசு புழங்குகிறது, விடுங்கள் என்றார்கள் மற்றவர்கள். தூசோக் இவை எதிலும் கலந்துகொள்ள மாட்டார். ஏப்பம் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். திதிக்கு மறுநாள் அவருடைய கை கால்கள் சில்லிட்டிருக்கும். ஒசாகாவில் அவர் மணந்த மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார். ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சில்லிப்பு விலக முந்தைய ஆண்டைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரமானது.

1986இல் மோசல்கேக்காரர் ஒருவர் ஒசாகாவுக்கு உறவினரைப் பார்க்க வந்தார், தூசோக்கைச் சந்தையில் உயிரோடு கண்டார், ஊருக்குத் திரும்பிச் சொன்னார். யாங் குடும்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசி, அடுத்த மே மாதம் திதியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு முழுக்க தூசோக் பசித்துக் கிடந்தார். மூன்று ஆள் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்து நின்று அடுத்த வேளை எப்போது என்று கேட்டார். சந்தையையே விழுங்கிவிடுவார் என்று இகுனோவில் கேலி பேசினார்கள். ஆனால் அவருடைய இடுப்புப் பட்டியில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. அதே ஆண்டு மோசல்கேயில் மலைச்சரிவு மேட்டின் நடுவில் மண் உள்ளே இறங்கியது. ஒரு கன்றுக்குட்டி அதற்குள் விழுந்தது, அதை வெளியே எடுக்க முடியவில்லை. குடும்பத்தில் எந்த அடுப்பில் சமைத்தாலும் எத்தனை கை உப்பு போட்டாலும் உப்பு உறைக்கவில்லை. அடுத்த மே மாதம் பேச்சில்லாமல் படையலைத் திரும்பத் தொடங்கினார்கள். உயிரோடிருக்கிறார் என்று தெரிந்தே கொடுத்தார்கள். இரண்டு கரையிலும் எல்லாம் பழைய நிலைக்கு வந்தது.

தூசோக் 2016ஆம் ஆண்டு நவம்பரில், தொண்ணூறு வயதில், ஒசாகாவில் இரண்டாம் முறை இறந்தார். அவருக்கு ஒரே மகள், மிவோல். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. குழந்தைகளுக்குப் போகும் சாப்பாட்டை முதலில் ருசி பார்ப்பவள் அவள்தான். கலியாணம் செய்துகொள்ளவில்லை. தீவின் பேச்சை அப்பாவிடம் கற்றிருந்தாள், எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சு. கடைசி வாரத்தில் அப்பா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் போனப்புறம் அது வேற ஆளத் தேடும். நீ அங்க மட்டும் போயிடாத. பசிக்குதோ இல்லியோ, வேளாவேளைக்குச் சாப்பிட்டுரு" என்றார். அவள் மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தாள்.

அடுத்த மே மாதம் ஒரு பிற்பகல், சமையலறையில் குழம்பை ருசி பார்க்கக் கரண்டியைத் தூக்கியவளுக்கு வயிறு நிறைந்துபோனது. ஏப்பத்தில் பெரணிக் கீரையும் முள்ளங்கிச் சுருட்டு அடையும் கேக்கும் மணத்தன. முதல் ஆண்டு அது ஒரு நாளில் போனது. இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலப் பண்டிகைக்கும் வந்து ஒரு வாரம் நின்றது. அடுத்த புத்தாண்டுக்கு வந்தது போகவேயில்லை. அவள் வாயில் வைத்த எதிலும் உப்பில்லை. பசியும் இல்லை. ஆனால் எடை மாதா மாதம் இறங்கியது. மருத்துவர்கள் குழாய் விட்டுப் பார்த்து, வயிறு நிறையச் சாப்பாடு இருக்கிறது, ஆனால் அது செரித்து உடம்பில் சேரவில்லை என்றார்கள். ஒரு வியாழக்கிழமை அவள் உப்பு போட்ட சூப்பை எழுநூறு குழந்தைகளும் துப்பினார்கள். தலைமைச் சமையல்காரி ஹமனோ அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"கடல் தண்ணிய அப்படியே மொண்டு ஊத்துனியா? உன் மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா நீ? உங்க ஊர் சாமிக்கு ஏதாவது பாக்கி வச்சிருந்தா போய்க் குடுத்துட்டு வா. இல்லாட்டி நானே உனக்கு மாலை வாங்க வேண்டி வரும்."

"சாமி இல்ல. சொந்தக்காரங்க" என்றாள் மிவோல்.

"அப்ப இன்னும் மோசம்" என்றாள் ஹமனோ.

திதி நாளை மிவோல் அறிவாள், அது அப்பாவின் பிறந்த நாள். 2019 மே மாதம், அந்த நாளுக்கு முன்னால் தீவுக்குப் போய்ச் சேர்ந்து, யார் படைக்கிறார்களோ அவர்களைப் பார்த்து நிறுத்தச் சொல்வது என்று முடிவு செய்தாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. பயணப் பத்திரம் கேட்டுப் போன கொரியத் தூதரக அலுவலகத்தில் முதல் தடை வந்தது. ஊர்க் குடும்பப் பதிவேட்டின்படி அவளுடைய அப்பா 1949இல் இறந்துவிட்டார். அவள் பிறந்தது 1961. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த இளைஞன் மரியாதையோடு, "அம்மா, அப்பா செத்து பன்னெண்டு வருஷம் கழிச்சு நீங்க பொறந்திருக்கீங்க. அவருக்கு ஒரே பிள்ளை, ஒரு பையன்தான்னு இருக்கு. உங்கள எந்த வீட்டுல சேக்கறதுன்னு எனக்குத் தெரியல" என்றான். தனக்கு அண்ணன் இருக்கிறான் என்று ஐம்பத்தெட்டாம் வயதில் அவளுக்கு அப்படித்தான் தெரிந்தது. பல வாரம் அலைந்த பிறகு ஒரே ஒரு முறை போய்வரச் செல்லும் தாள் ஒன்று கொடுத்தார்கள். அதில் தகப்பன் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

விமானம் தீவுக்கு மேல் போய், பனிமூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல் நான்கு சுற்றுச் சுற்றி, எதிர்க்கரையிலுள்ள பூசான் நகருக்குத் திருப்பிவிடப்பட்டது. அவளுடைய பெட்டி வேறெங்கோ இறங்கிவிட்டது. கப்பல் பிடிக்கத் துறைமுகத்துக்குப் போனாள், அலை அதிகம் என்று அன்றைய கப்பலை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் போன கப்பலில் எல்லோரும் வாந்தியெடுத்தார்கள். அவளுக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை, வயிற்றிலிருந்தது அசையவேயில்லை. தீவில் இறங்கி ஏறிய பஸ் பாதி வழியில் நின்றது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்துவிட்டு, இந்தத் தடத்தில் இருபது ஆண்டாக ஓட்டுகிறேன், ஒரு நாளும் இப்படி நின்றதில்லை என்றார். கருங்கல் சுவர்களுக்கு நடுவே அவள் நடந்தாள். காற்று எதிர்த்து அடித்தது. இத்தனை தடையும் ஒரே ஆளின் வேலை என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டை விட்டு வெளியே போகும்போதெல்லாம் அப்பா அவளுடைய சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுப்பார். அதே இழுப்பு. அவள் நிற்கவில்லை. மோசல்கேக்குள் நுழைந்தபோது திதி நாளின் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஏப்பத்தில் தெரிந்த வாசனை சந்து முனையிலேயே வந்தது. வாசற்கதவு திறந்திருந்தது, ஆவி வருவதற்காகத் திறந்து வைப்பது. அவள் அதன் வழியாக உள்ளே போனாள். நடுக்கூடத்தில் மடிப்புத் திரைக்கு முன்னால் படையல் மேசை. சிவப்பு மீன், கீரை, அடை, ஆரஞ்சு, செலோஃபேன் உறை பிரிக்காத கேக். மேசையின் தலைப்பக்கம் இரண்டு சோற்றுக் கிண்ணங்கள், இரண்டிலும் கரண்டி செங்குத்தாகக் குத்தியிருந்தது. எழுபதை எட்டப்போகும் ஒருவர் குப்புற விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். கப்சுன், அவருடைய மனைவி, மதுக்கிண்ணத்தோடு நிமிர்ந்து மிவோலைப் பார்த்தாள்.

"யோவ், எந்திரி. உன் தங்கச்சி வந்துருக்கா" என்றாள்.

சங்பல் எழுந்திருக்கவில்லை. தரையில் நெற்றியை வைத்தபடியே, "நேர்ல வந்தாளா, சாப்பிட வந்தாளா?" என்று கேட்டார்.

"செருப்பக் கழட்டிட்டு வந்துருக்கா. நேர்லதான்."

அதன் பிறகுதான் அவர் எழுந்து உட்கார்ந்தார். அப்பாவின் நெற்றி, அப்பாவின் காது. மிவோல் வழியெல்லாம் தயார் செய்த வார்த்தைகளை மறந்துபோய், "அண்ணா, ரெண்டாவது கிண்ணம் யாருக்கு?" என்று கேட்டாள். அவளுடைய பழங்காலப் பேச்சைக் கேட்டு கப்சுனுக்குச் சிரிப்பு வந்தது, செத்துப்போன மாமியார் பேசுவதுபோல இருக்கிறது என்றாள். சிரித்து முடித்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"உனக்குத்தான். வேற யாருக்கு? பெரியவர் போயிட்டாரு, உனக்குப் புருஷனில்ல, பிள்ளையில்லன்னு ஒசாகாலேருந்து வந்தவங்க சொன்னாங்க. நாளைக்கு நீ செத்தா ஒரு வாய் சோறு வைக்க ஆளில்ல. பட்டினி ஆவியா அலைவியே, பாவம். அதான் இப்பவே ஆரம்பிச்சுட்டோம். மொத வருஷம் திதிக்கு மட்டும் வச்சோம். அப்புறம் பண்டிகைக்கும் வச்சோம். புத்தாண்டுலேருந்து மாசா மாசம் வைக்கிறோம். ஒரு நாளும் குறை வச்சதில்ல."

"நான் உயிரோட இருக்கேன், அண்ணி."

"உங்கப்பா மட்டும் எப்படி இருந்தாராம்? அறுபத்தாறு வருஷம் நம்ம சோத்தத் தின்னுட்டுத்தான இருந்தாரு."

மிவோல் தன் கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு மூங்கில் கணுவைப்போல இருந்தது. சாப்பாட்டில் ருசி போனதையும் உடம்பு இளைப்பதையும் சொன்னாள். நிறுத்தச் சொன்னாள், இன்றோடு, இந்தக் கிண்ணத்தோடு. கப்சுன் அவளுடைய மணிக்கட்டை ஒரு மீனைப் புரட்டிப் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. சங்பல், தான் கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து இந்த மேசைக்கு முன்னால் விழுந்து கும்பிடுவதாகவும், முகம் பார்க்காத ஒருவருக்கு மகனாக இருப்பதற்குத் தன்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம் இதுதான் என்றும், அவள் கேட்டது காதில் விழாதது போன்ற குரலில் சொன்னார். ஒரு முறை நிறுத்திப் பார்த்ததையும், இறங்கிய மண்ணையும், கன்றுக்குட்டியையும் சொன்னார்.

"மேட்டுக்கு நடுவுல இப்ப எப்படி இருக்கு?" என்று மிவோல் கேட்டாள்.

"அது நல்லா இருக்கு" என்றார் சங்பல். "ரெண்டும் நல்லா இருக்கு."

இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. அவள் பார்க்க வேண்டும் என்றாள், அவர் கூட்டிப்போனார். மலைச்சரிவில் அதே கருங்கல் சுவருக்குள் இரண்டு மேடுகள் இருந்தன. பழையதில் புல் அடர்ந்திருந்தது. புதியதில் இப்போதுதான் பிடித்திருந்தது. சுவரின் இடப்பக்கத்து இடைவெளியில் கற்கள் பாசி பிடித்து வழவழப்பாக இருந்தன. வலப்பக்கத்திலும், பெண்பிள்ளை போய்வர, ஓர் இடைவெளி புதிதாகத் திறக்கப்பட்டிருந்தது. பெயர்த்த கற்கள் பக்கத்தில் அழகாக அடுக்கிக் கிடந்தன. உள்ளே என்ன வைத்தீர்கள் என்று கேட்டாள். ஒசாகாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அவளுடைய சமையலறைத் தலைத்துணி ஒன்று என்றார். காணாமல் போன அந்தத் துணியை அவள் இரண்டாண்டுக்கு முன் வீடு முழுக்கத் தேடியிருந்தாள். புதிய மேட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அது சூடாக இருந்தது.

திரும்பி வந்தபோது படையல் அப்படியே இருந்தது. வழக்கப்படி இறந்தவர் உண்டு முடித்ததும் மேசையை இறக்கி எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அந்தச் சோற்றில் ருசி குறைந்திருக்கும், யாரோ உண்டுவிட்டார்கள் என்று அதை வைத்துத்தான் தெரியும். கப்சுன் மேசையை இறக்கக் கை வைத்தாள். மிவோல் அவளைத் தடுத்தாள். சுற்றிக்கொண்டு போய், திரைக்கும் மேசைக்கும் நடுவே, உயிருள்ளவர்கள் யாரும் உட்காராத பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இரண்டாவது கிண்ணத்தில் குத்தியிருந்த கரண்டியைப் பிடுங்கினாள்.

"ஏய், அது உக்கார்ற எடமில்ல" என்றார் சங்பல்.

"என் பேர்லதான வச்சீங்க? எனக்கு வச்ச சோத்த நானே என் வாயால சாப்பிட்டுக்கறேன். இனிமே ஒசாகா வரைக்கும் அனுப்ப வேணாம்."

கப்சுன் கணவரைப் பார்த்தாள். "கும்பிடுய்யா. பாதில நிக்குது பாரு" என்றாள். சங்பல் விழுந்து கும்பிட்டார். மிவோல் ஒரு வாய் எடுத்து வைத்தாள். சோறு சூடாக இருந்தது. மீனில் உப்பு இருந்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அவளுக்கு உப்பு உறைத்தது. கிண்ணத்தைக் காலி செய்தாள், மீனின் தலையை உறிஞ்சினாள், கேக்கின் செலோஃபேனைப் பிரித்தாள். சாப்பிடச் சாப்பிடப் பசித்தது. பக்கத்தில் அப்பாவின் கிண்ணத்திலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அது தணியவேயில்லை, அதை யாரும் தொட்டிருக்கவில்லை. அவள் ஏறெடுத்துப் பார்த்தபோது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த இருவரும் சற்றுத் தள்ளி இருப்பதுபோல, ஒரு ஜன்னலுக்கு வெளியே இருப்பதுபோலத் தெரிந்தார்கள்.

பத்து நாளில் அவளுடைய கன்னம் தேறியது. ஒசாகாவுக்குத் திரும்பினாள். இறங்கிய அன்றே ஹமனோ வாங்கிக் கொடுத்த அரிசி உருண்டையில் உப்பில்லை. ஒரு வாரத்தில் மறுபடி இளைத்தாள். கிண்ணத்தில் கரண்டியைக் குத்தி, வடக்குப் பார்த்து வைத்து, தானே கும்பிட்டுத் தானே சாப்பிட்டுப் பார்த்தாள். தனக்குத் தானே திதி கொடுத்துக்கொள்ள முடியாது, அது தவிடாகத்தான் இருந்தது. ஹமனோவைக் கும்பிடச் சொன்னாள். ஹமனோ மனதாரக் கும்பிட்டாள், அழுதும் விட்டாள். ரத்த சம்பந்தம் இல்லாததால் பலனில்லை. ஜூலையில் மிவோல் வேலையை விட்டுவிட்டு, பயணத் தாளுக்கு மறுபடி அலைந்து, தீவுக்குப் போனாள். இந்த முறை விமானம் நேரத்துக்கு இறங்கியது. பெட்டி முதலாவதாக வந்தது. பஸ் வழியில் எங்கும் நிற்கவில்லை. சட்டையைப் பின்னாலிருந்து இழுக்க யாரும் இல்லை என்பதை அவள் கவனித்தாள்.

அதன் பிறகு அவள் மோசல்கேயிலேயே இருக்கிறாள். ஆரஞ்சுத் தோட்டத்தில் வேலை செய்கிறாள். மூன்று வேளையும் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். முதல் ஆண்டு சங்பல் வேளைக்கு இரண்டு முழுக் கும்பிடு போட்டார். முழங்கால் வீங்கியதால் அது ஒன்றாகி, பிறகு தலையசைப்பாகி, இப்போது ஓர் இருமலில் நிற்கிறது. இருமல் போதுமானதாக இருக்கிறது. ஒரு நாள் கோபத்தில் அவர் இருமாமல் வெளியே போய்விட்டார். "தங்கச்சி வெறும் வாய மெல்லுறா, வந்து இருமிட்டுப் போய்யா" என்று கப்சுன் தோட்டம்வரை கத்திக்கொண்டு போனது ஊருக்கே தெரியும். பதிவேட்டில் மிவோல் இன்னும் பிறக்கவில்லை. இலங்கையிலிருந்தோ சியோலிலிருந்தோ வரும் கூலியாட்கள் சில சமயம் அவளுக்கு வணக்கம் சொல்ல மறந்து, அவள் வழியாகப் பார்த்துக்கொண்டு நடந்துபோகிறார்கள். ஊர்க்காரர்கள் அப்படிச் செய்வதில்லை.

2024ஆம் ஆண்டு, நிலாக் கணக்கின் எட்டாம் மாதம் முதல் நாள், தீவில் எல்லாக் குடும்பங்களும் தங்கள் சமாதிகளின் புல்லை வெட்டும் நாளில், யாங் குடும்பத்திலிருந்து மூன்று பேர் மலைச்சரிவுக்குப் போனார்கள். சங்பல்லின் மகன் இந்த ஆண்டும் சியோலிலிருந்து வரவில்லை, வேலை என்று சொல்லிவிட்டான். சங்பல் பழைய மேட்டின் புல்லை வெட்டினார். மிவோல் வலப்பக்கத்து இடைவெளி வழியாக உள்ளே போய்த் தன் மேட்டின் புல்லை வெட்டினாள். அவருக்கு இப்போது எழுபத்து நான்கு வயது, அவருக்குப் பின் இரும ஆளில்லை என்பது மூவருக்கும் தெரியும். சுவருக்குள் சங்பல்லுக்கான மூன்றாவது இடத்துக்குக் குச்சி நட்டு அளந்தார்கள். மதியம் கப்சுன் சோற்றைப் பிரித்து மிவோலின் மேட்டின் முன்னிருந்த கல்லில் வைத்தாள். சங்பல் இருமினார். மிவோல் சாப்பிட்டாள்.